முதல் பதினொருவரில் யார்? எல்லைக் கிராமங்களின் கால்பந்து விவாதமும் அதன் பின்னுள்ள வேலைக் கணக்கும்

பாறசாலை: கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையைத் தொட்டபடி அமைந்துள்ள மீனவக் கிராமம் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டம், குளத்தூர் ஊராட்சிக்கு உட்பட்ட இக்கிராமம், சந்தோஷ் கோப்பைக்கான கேரள அணிக்குத் தொடர்ந்து வீரர்களை அனுப்பி வருவதால் கால்பந்து கிராமம் என்றே அறியப்படுகிறது. கடற்கரை மணலே இங்குள்ள சிறுவர்களின் முதல் மைதானம்.

மாநில அணிக்கான தேர்வு நெருங்கும் ஒவ்வொரு முறையும் பொழியூர் தொடங்கிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை ஒரே கேள்வி எழுகிறது. முதல் பதினொருவரில் இடம்பெறப் போவது யார், மாற்று வீரர்களுக்கான இருக்கையில் அமரப் போவது யார் என்பதே அது. தேநீர்க் கடைப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மாநில அணிச் சான்றிதழைக் கொண்டு அரசு வேலை பெறுவது இப்பகுதி இளைஞர்களுக்குக் கடலை விட்டுக் கரையேறும் வழிகளில் ஒன்று.

மஞ்சேரியில் நடந்தது

இந்தக் கேள்வி கேரளம் முழுவதும் உச்சத்தை எட்டியது 2022-ஆம் ஆண்டில். மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை அரையிறுதியில் கேரளமும் கர்நாடகமும் மோதின. முதல் கோலை அடித்தது கர்நாடகம். இதையடுத்து, ஆட்டத்தின் 30-ஆவது நிமிடத்திலேயே பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் முன்கள வீரர் எம்.விக்னேஷை வெளியே அழைத்து, டி.கே.ஜெசினை உள்ளே அனுப்பினார். காயம் எதுவுமின்றி, முதல் பாதி முடிவதற்குள் ஒரு முன்கள வீரரை மாற்றுவது அரிது. வெளியேறும் வீரருக்கு அது சங்கடமும் கூட.

அதன் பிறகு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். களமிறங்கிய கால் மணி நேரத்துக்குள் ஜெசின் மூன்று கோல்களை அடித்தார். ஆட்டம் முடியும்போது அவரது கணக்கில் ஐந்து கோல்கள் இருந்தன. கேரளம் 7-3 என்ற கணக்கில் வென்றது.

ஐந்து கோல் அடித்தவரை இறுதி ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆட வைக்க வேண்டும் என்பது ரசிகர்களுக்கு இயல்பாகத் தோன்றும் முடிவு. ஆனால் மே 2-ஆம் தேதி மேற்கு வங்கத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் ஜெசின் மாற்று வீரராகவே களமிறங்கினார். கூடுதல் நேரத்தில் பின்தங்கிய கேரளம், முகமது சஃப்னாத் தலையால் முட்டி அடித்த கோலால் சமன் செய்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் 5-4 என்ற கணக்கில் கோப்பையை வென்றது. அது கேரளம் வென்ற ஏழாவது சந்தோஷ் கோப்பை.

பயிற்சியாளரின் முடிவு சரியானதா என்பதைக் கோப்பையை வைத்து மட்டும் தீர்மானிக்க இயலாது. ஷூட்-அவுட்டில் ஓர் உதை தவறியிருந்தால் இதே முடிவு பிழையாகப் பேசப்பட்டிருக்கும். எனினும் அதில் காரணம் இருந்தது என்றே கொள்ள வேண்டியுள்ளது. எதிரணியின் தற்காப்பு வீரர்கள் முதல் அரை மணி நேரம் ஒரு வகையான ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றனர். கோடைக்காலத்தின் புழுக்கத்தில் அவர்களது கால்கள் சற்றுத் தளரும் நேரத்தில், வேறு வேகம் கொண்ட புதிய வீரர் நுழைவது அவர்களின் கணிப்பைக் குலைக்கிறது. அரையிறுதியில் கிடைத்த பலன் ஜெசினின் திறமையால் மட்டுமின்றி, அவர் இறங்கிய நேரத்தாலும் விளைந்தது.

விதிகள் மாற்றிய கணக்கு

ஒரு காலத்தில் மாற்று வீரர் என்பவர் பெரும்பாலும் காயத்துக்கான ஏற்பாடாகவே இருந்தார். உலகக் கோப்பையில் மாற்று வீரர்கள் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டது 1970-இல்தான். அப்போது ஓர் அணிக்கு இருவர். 1990-களின் நடுப்பகுதியில் அது மூவரானது. கரோனா பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், ஐவரை மாற்ற தற்காலிக அனுமதி வழங்கப்பட்டது. 2022-இல் அது விதிப் புத்தகத்தில் நிரந்தரமாக்கப்பட்டது. ஆட்டம் அடிக்கடி தடைபடுவதைத் தவிர்க்க, இடைவேளை நீங்கலாக மூன்று வாய்ப்புகளில் மட்டுமே இந்த மாற்றங்களைச் செய்ய முடியும்.

களத்தில் உள்ள பதினொருவரில் ஏறத்தாழப் பாதிப் பேரை மாற்றலாம் என்ற நிலையில், யார் தொடங்குவது என்ற கேள்விக்கு நிகராக யார் முடிப்பது என்ற கேள்வியும் வந்து நிற்கிறது. விவாதம் செய்யும் ரசிகர்கள் இன்னும் முதல் கேள்வியிலேயே நிற்கின்றனர் என்பது வேறு.

கோல் கீப்பர் மட்டும் விதிவிலக்கு

இந்தத் தளர்வு எட்டாத ஓர் இடம் கோல் கீப்பருடையது. இரண்டாவது முன்கள வீரருக்கு இருபது நிமிடமாவது கிடைக்கும். இரண்டாவது கோல் கீப்பர் தொடர் முழுவதும் களமிறங்காமலேயே ஊர் திரும்பக்கூடும்.

2018 ஏப்ரல் 1-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்தின் முடிவில் 2-2 எனச் சமனில் நின்றது. ஷூட்-அவுட்டில் மேற்கு வங்கத்தின் முதல் இரு உதைகளையும் கேரள கோல் கீப்பர் வி.மிதுன் தடுத்தார். கேரளத்தின் நான்காவது உதையைக் கோலாக்கி 4-2 என வெற்றியை உறுதி செய்தவர் பொழியூரைச் சேர்ந்த எஸ்.சீசன். சுமார் 13 ஆண்டுகளுக்குப் பிறகு கேரளத்துக்குக் கிடைத்த கோப்பை அது.

ஷூட்-அவுட்டுக்கென்றே தனி கோல் கீப்பரை இறக்கலாமா என்ற கேள்விக்கு நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் கால் 2014 உலகக் கோப்பையில் ஒரு விடை அளித்தார். கோஸ்டா ரிக்காவுக்கு எதிரான காலிறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசித் தருணத்தில் யாஸ்பர் சிலெசனை வெளியேற்றி டிம் க்ருலை இறக்கினார். க்ருல் இரு உதைகளைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. கடைசித் தருணம் வரை காத்திருந்ததில் ஆபத்தும் இருந்தது. கூடுதல் நேரம் முடிந்துவிட்டால், தொடர முடியாத நிலைக்கு ஆளான கோல் கீப்பரைத் தவிர வேறு எவரையும் மாற்ற விதி இடம் தராது. அர்ஜென்டினாவுக்கு எதிரான அரையிறுதியில் மூன்று மாற்றங்களும் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் சிலெசனே நிற்க நேர்ந்தது. நெதர்லாந்து 2-4 எனத் தோற்றது.

அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கு

ஒரே ஒருவருக்கு மட்டுமே உரிய இடம் என்பதில் கோல் கீப்பருக்கு இணையானவர் அமெரிக்கக் கால்பந்தின் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு தாக்குதலும் இவர் கையில் பந்து வந்த பிறகே தொடங்குகிறது. பந்தை யாருக்கு எறிவது என்பதைச் சில நொடிகளில் இவர் முடிவு செய்கிறார். அந்த ஆட்டத்தில் வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆயினும் குவார்ட்டர்பேக்கை மாற்றப் பயிற்சியாளர்கள் தயங்குகின்றனர். அவர் எறியும் நேரத்துக்கு ஏற்பவே மற்றவர்கள் ஓடப் பழகியிருப்பதே காரணம்.

2018 ஜனவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான தேசிய இறுதியில், அலபாமா பல்கலைக்கழகம் முதல் பாதியில் 0-13 எனப் பின்தங்கியது. இடைவேளையில் பயிற்சியாளர் நிக் சேபன், வழக்கமாக ஆடிவந்த ஜேலன் ஹர்ட்ஸை அமர வைத்து, முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். அலபாமா கூடுதல் நேரத்தில் 26-23 என வென்றது. அதே ஆண்டு டிசம்பரில், அதே ஜார்ஜியா அணிக்கு எதிராக, டகோவைலோவா காயமடைந்தபோது உள்ளே வந்து 35-28 என்ற வெற்றியைப் பெற்றுத் தந்தவர் அமர வைக்கப்பட்டிருந்த ஹர்ட்ஸ். பின்னர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்ற அவர் 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்காக சூப்பர் பவுல் வென்றார்.

பட்டியலில் இருபது பேர்

பொழியூர் விவாதத்தில் அதிகம் பேசப்படாத அம்சம் ஒன்று உண்டு. வேலைக்கும் பரிசுக்கும் கணக்கில் கொள்ளப்படுவது பதினொருவர் அல்ல, அணிப் பட்டியல். 2022 வெற்றிக்காகக் கேரள அரசு அறிவித்த பரிசில், 20 வீரர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கும் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. ஐந்து கோல் அடித்தவருக்கும், 30-ஆவது நிமிடத்தில் வெளியேறியவருக்கும் ஒரே தொகை. 2018 அணியில் வேலையின்றி இருந்த 11 வீரர்களுக்கு மாநில அரசுப் பணி வழங்கப்பட்டது.

மத்திய அரசுத் துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் மாநிலத்தைத் தேசியப் போட்டியிலோ, பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியிலோ பிரதிநிதித்துவம் செய்ததற்கான சான்றிதழே அடிப்படைத் தகுதி. மாநில அணிக்கு உரிய விளையாட்டுச் சங்கத்தின் செயலரும், பல்கலைக்கழக அணிக்கு விளையாட்டுத் துறை இயக்குநரும் குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

எனவே ஒரு மீனவக் குடும்பத்தின் பார்வையில், பதினொன்றாவது வீரருக்கும் பன்னிரண்டாவது வீரருக்கும் உள்ள இடைவெளியை விட, இருபதாவது வீரருக்கும் இருபத்தொன்றாவது வீரருக்கும் உள்ள இடைவெளியே பெரிது. தேர்வு முகாமின் கடைசி நாளில் விடுபடும் அந்த இருபத்தொன்றாவது இளைஞரைப் பற்றி எவரும் விவாதிப்பதில்லை.

மணல் மைதானமும் ஒரு காரணி. மணலில் ஓடுவதற்குக் கெட்டியான தரையில் ஓடுவதைப் போல சுமார் 1.6 மடங்கு ஆற்றல் தேவை என அளவிடப்பட்டுள்ளது. இதில் வளர்ந்தவர்களுக்குக் கால் வலிமை கூடும். ஆனால் மணலில் பந்து உருளாது. புல்தரையில் வேகமாக உருண்டு வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்குவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முகாமுக்கு வரும் கடற்கரை வீரர்கள் முதல் சில நாள்களில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கோட்டுக்கு இருபுறமும்

பொழியூரை அடுத்துள்ள நீரோடி, கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தொடர்ந்தது. ஒரே கடற்கரையில், ஒரே மணலில் பழகிய சிறுவர்கள் இன்று இரு வேறு மாநில அணிகளின் வாசலில் நிற்கின்றனர்.

நீரோடிக்குக் கிழக்கே, தூத்தூர் வட்டாரத்துக் கால்பந்து மரபில் வந்த இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், 2019-இல் இந்திய அணிக்காக ஆடியவர். 2020 நவம்பரில், ஏடிகே மோகன் பகான் கழகத்தின் ஐஎஸ்எல் பருவத் தொடக்க ஆட்டத்தில் முதல் பதினொருவரில் அவர் இடம்பெற்றிருந்தார். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் காயமடைந்து சூசைராஜ் வெளியேற நேர்ந்தது. அவருக்கு மாற்றாக அன்று உள்ளே வந்த சுபாஷிஷ் போஸ், பின்னாளில் அதே கழகத்தின் தலைவரானார்.