ஓ.பி. சீட்டில் ஒரு வரி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரிக்கு ஆள் போகாத காலனித் தெரு குறைவு. பச்சைத்தோல், சுண்ணாம்புத் தொட்டி, டிரம் எல்லாம் பெரும்பாலும் நம் ஆட்கள் கையில்தான். மெஷினில் மாட்டுவதும் அந்தக் கைதான்.

ஒருவருக்குக் கட்டைவிரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி ஆட்டோ பிடித்துத் தெரிந்த கிளினிக்குக்குக் கொண்டுபோவார். "செலவை முதலாளி பார்த்துக்குவாரு, வீட்ல அடிபட்டதுன்னு சொல்லிடு" என்பார். வலியில் கிடப்பவர் தலையாட்டுவார். சீட்டில் அப்படியே ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் நிற்கும்போது அந்த ஒரு வரி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

பலர் அங்கே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை நீட்டுகிறார்கள். ஊனம் எத்தனை சதவீதம் என்று அட்டை சொல்லும். எதனால் வந்தது என்று சொல்லாது. அலுவலகம் கேட்பது இரண்டாவதை.

சட்டம் இங்கே தொழிலாளி பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டிவிட்டால் போதும். அது வேலையால் வந்தது என்றே கொள்ள வேண்டும், மறுப்பவர்தான் ஆதாரம் தர வேண்டும். 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 51ஏ பிரிவு சொன்னது இது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆக, நாம் காட்ட வேண்டியது நாள், ஷிப்ட், மெஷின், பக்கத்தில் நின்றவர். அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டிலும் கம்பெனி விபத்துப் புத்தகத்திலும் இவை ஏற வேண்டும்.

கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணையில் 30 சதவீதம். சராசரி தினக்கூலி 400 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 360. அதில் 30 சதவீதம் 108. மாதம் 3,240 ரூபாய், ஆயுள் முழுக்க. மேஸ்திரி கையில் திணிக்கும் பத்தாயிரம் ஏறக்குறைய மூன்று மாதத் தொகை, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு.

குரோமியத்தால் வரும் நோயும் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு வாரம் பேசலாம்.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளே, அப்பாவையோ மாமாவையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சீட்டை வாங்கிப் படியுங்கள். எப்படி அடிபட்டது என்ற இடத்தில் டேனரி இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். கம்பெனிக்கும் நடந்ததை எழுதி ஒரு கடிதம் போடுங்கள். ஸ்பீடு போஸ்டில், பதிவு வசதியோடு.