கைதட்டலுக்குப் பின் வந்த களைப்பு

2020-ம் வருஷம் மார்ச் 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாம் எல்லோரும் வாசலுக்கு வந்து கை தட்டியது நேயர்களுக்கு நினைவிருக்கும். சிலர் தாம்பாளத்தைத் தட்டினார்கள். வீட்டில் பூஜை மணி இருந்தவர்கள் அதை எடுத்து அடித்தார்கள். வைத்தியர்களுக்கும் நர்ஸுகளுக்கும் தேசம் செலுத்திய மரியாதை அது. மே 3-ம் தேதி ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மீது மலர் தூவின. இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை; மரியாதை நல்ல பொருள்தான். ஆனால் இரவு வேலை முடித்து வார்டை விட்டு வெளியே வந்த பெண்ணுக்கு அச்சமயம் அதிகமாய்த் தேவைப்பட்டவை ஒரு டம்ளர் தண்ணீரும், எட்டு மணி நேரத் தூக்கமும், மறுநாள் அவளுக்குப் பதிலாக நிற்க இன்னொரு பெண்ணுமே.

வேடிக்கை என்னவென்றால், அந்த 2020-ஐத்தான் உலக சுகாதார ஸ்தாபனம் நர்ஸுகளின் ஆண்டு என்று முன்கூட்டியே பெயரிட்டு வைத்திருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820 மே 12-ல் பிறந்தவர். அவருடைய இருநூறாவது பிறந்த தினத்தை உத்தேசித்துச் செய்த ஏற்பாடு அது. விழாக் கொண்டாட வேண்டிய வருஷத்தில் விழா நாயகிகளுக்கு உட்காரவும் நேரமில்லாமற் போயிற்று.

புதுக்கோட்டைச் சீமையில், தஞ்சை ஜில்லா எல்லையை ஒட்டி இருக்கிறது கறம்பக்குடி. நிலக்கடலையும் தென்னையும் விளைகிற பிரதேசம். 2018 நவம்பர் 16-ல் கஜாப் புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போய் ஒன்றரை வருஷங்கூட ஆகாத நிலையில் கொரோனா வந்து சேர்ந்தது. இத்தகைய தாலூகா ஊர்களிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஜுரக்காரர்களைத் தனியே பிரித்துப் பார்ப்பதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும், 2021 ஜனவரி 16-க்குப் பிறகு தடுப்பூசி போடுவதுமாக இருந்தன. கடுமையான நோயாளிகள் ஜில்லாவின் தலைநகருக்குச் சென்றார்கள். புதுக்கோட்டையில் ராணியார் பெயரால் விளங்கும் பழைய ஆஸ்பத்திரி கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அத்தகைய வார்டுக்கு வேலைக்குப் போன ஒரு பெண்ணை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவளைப் போல் பலர் இருந்தார்கள். முதலில் உடை. கழுத்து முதல் கால் வரை மூடிய அங்கி, இரண்டு ஜோடிக் கையுறை, இறுக்கமான முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கும் மேலே ஒரு கவசம். இதை அணிந்த பிறகு ஆறு மணி நேரமோ அதற்கு மேலுமோ தண்ணீர் குடிக்க இயலாது. கொல்லைப்புறம் போக இயலாது. அதற்குப் பயந்தே முன்கூட்டித் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக் கொண்டவர்கள் உண்டு. மாதவிலக்கு நாட்களில் பட்ட அவஸ்தையைப் பெண்மணிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் அங்கிக்குள் வியர்வை வழியும். கண்ணாடியில் ஆவி படியும். அதன் வழியே நரம்பைத் தேடி ஊசி குத்த வேண்டும். உள்ளே இருப்பது யார் என்று தெரியாததால் முதுகில் பெயரை மையால் எழுதிக் கொண்டார்கள்.

பிறகு வேலை. 2021 மே மாதத்தில் தமிழ் நாட்டில் ஒரே நாளில் முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் நோய் கண்டது. மூச்சுத் திணறுகிறவரைக் குப்புறப் படுக்க வைத்தால் இரத்தத்தில் பிராணவாயு ஏறும் என்பது வைத்திய முறை. கனத்த தேகமுள்ள ஒருவரைக் குழாய்கள் கழலாமல் திருப்ப மூன்று நான்கு பேர் வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கை ஒன்றுக்கு ஒரு நர்ஸ், போதனா ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கௌன்ஸில் வகுத்த கணக்கு. அந்தக் கணக்கு சாதாரணக் காலத்திலேயே நம் ஊர்களில் காகிதத்தோடு நின்றது. வார்டில் உறவினர் யாருக்கும் அனுமதி கிடையாது. ஆகையால் நோயாளிக்கு மகளாகவும் மருமகளாகவும் இருந்து வாயில் கஞ்சி ஊட்டியதும், வீட்டாரிடம் பேச டெலிபோனை முகத்துக்கு நேரே பிடித்ததும் அவளேதான். விடியற்காலையில் அந்தப் படுக்கை காலியாகும்போது அழுவதற்கு அவளுக்கு அவகாசமில்லை. அடுத்த நோயாளி வாசலில் காத்திருப்பார்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கையும் கவனமும் சிறிது மது அருந்தியவனுடையதைப் போலாகிவிடுகின்றன என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே நர்ஸின் களைப்பு அவளோடு போகிற சங்கதியல்ல; அவள் கையிலுள்ள மருந்தின் அளவையும் அது தொடுகிறது. தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் நடந்த 16 ஆய்வுகளைத் திரட்டி, 18,935 நர்ஸுகளைப் பற்றி 2021-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. நூற்றுக்கு 34 பேர் மனம் வற்றிப் போன நிலையில் இருந்தார்கள். குறைந்த ஆட்களோடும் குறைந்த சாமான்களோடும் வேலை செய்தவர்களிடமே அந்த வறட்சி அதிகம். உலக சுகாதார ஸ்தாபனமும் இதை நோய் என்று சொல்வதில்லை. வேலையால் விளையும் நிலை என்றே 2019-ல் வகுத்தது. அதாவது, அவளுக்குத் தைரியம் போதாது என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

வேலை முடிந்தாலும் வீடு கிட்டவில்லை. பஸ் ஓடாத நாட்களில் கிடைத்த வண்டியைப் பிடித்து ஊர் வந்து, கொல்லையிலேயே குளித்து, உடுப்பைக் கொதிநீரில் போட்டு, தனி அறையில் படுக்க வேண்டும். கதவுக்கு அப்பால் குழந்தை கூப்பிடும். சில ஊர்களில் வாடகை வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். கை தட்டியவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள்!

இனிச் சம்பளத்தைப் பற்றி. 2015-ல் தமிழ் நாட்டு அரசாங்கம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் வேலை நிரந்தரமாகும் என்று அவர்கள் நம்பினார்கள், பலருக்கு ஆகவில்லை. கொரோனா வந்தவுடன் மேலும் பல பெண்கள் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கென்று அழைக்கப்பட்டு, பிறகு தவணை நீட்டிக்கப்பட்டார்கள். 2021 மே மாதம் அரசாங்கம் நர்ஸுகளுக்கு 20,000 ரூபாய் ஊக்கத் தொகை அறிவித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த தவணை உண்டா இல்லையா என்று தெரியாமல் இரவு கண் விழிப்பது தனி ஜாதிக் களைப்பு. அதற்கு எந்த வைத்தியரும் மருந்து எழுதுவதில்லை.

கொரோனாவுக்காக எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வேலை 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிந்தது. புது வருஷத்தில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து கிளர்ச்சி செய்தார்கள். வேறு தற்காலிக வேலை தருவதாக அரசாங்கம் கூறிற்று. கொரோனாவினால் ஏற்பட்ட உலக அவசர நிலை நீங்கியது என்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது 2023 மே 5-ம் தேதி. அதற்கு நான்கு மாதம் முன்னதாகவே அவர்களுடைய உடுப்பு பெட்டிக்குள் போய்விட்டது.