மரத்தை வெட்டுமுன்: செய்மதிப் படங்கள் காட்டும் வெப்பம்

பல வருடங்களின் பின் ஊர் திரும்பும்போது வளவு பற்றைக்காடாகக் கிடக்கும். (கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் பற்றை வெட்ட இறங்க வேண்டாம்.) துப்புரவாக்கும் அவசரத்தில் பலர் பற்றையோடு சேர்த்து வேம்பையும் புளியையும் தறித்துவிடுகிறார்கள். பிறகு தகரக் கொட்டிலில் பகல் முழுவதும் வெந்துகொண்டிருப்பது குழந்தைகளும் முதியவர்களும்தான்.

நிலம், கூரை, மரம் எல்லாமே தாம் சூடாகியிருக்கும் அளவுக்கேற்ப, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வெளிவிடுகின்றன. லான்ட்சாட் 8 என்ற செய்மதி ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து இக்கதிர்களை அளக்கிறது. 16 நாட்களுக்கு ஒரு தடவை, முற்பகல் 10 மணியளவில் அது ஒரே இடத்துக்கு மேலாகக் கடக்கும். முகில் மூடியிருந்தால் நிலம் தெரியாது. கிடைக்கும் அளவுகளைப் படமாக்கும்போது சூடான இடத்தைச் சிவப்பாகவும் குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டுவது வழக்கம். இது காற்றின் வெப்பநிலை அல்ல. வெறுங்காலில் மிதித்தால் சுடுமே, அந்தப் பரப்பின் வெப்பநிலை.

கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் 1997 முதல் 2017 வரை எடுத்த இத்தகைய படங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டடங்கள் பரவிய இடங்களில் பரப்பின் வெப்பம் கூடியிருந்தது. மரஞ்செடி உள்ள இடங்கள் அவற்றைவிடக் குளிர்ந்திருந்தன. சீமெந்தும் தாரும் பகல் வெயிலை உறிஞ்சி வைத்து இரவிலும் வெளிவிடும். மரமோ நிழல் தருவதோடு, வேரால் எடுக்கும் நீரை இலைவழியே ஆவியாக்கி வெப்பத்தைத் தணிக்கும்.

கொழும்பின் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். மரமில்லாத காய்ந்த வெறுந்தரையும் இப்படங்களில் சிவப்பாகத்தான் தெரியும். இன்னொன்று, இச்செய்மதியின் வெப்பக் கருவி ஒரு புள்ளியாக அளப்பது 100 மீற்றர் நீள அகலமுள்ள நிலத்தை. அது ஏறத்தாழ 40 பரப்புக் காணி. அதற்குள் பல குடும்பங்களின் வளவுகள் அடங்கும். ஒரு வளவில் மட்டும் மரம் நின்றால் அந்தப் புள்ளி பெரிதாகக் குளிராது. ஆகவே எந்த மரங்களை விடுவதென்று அயலவருடனும் கதைத்து முடிவெடுங்கள்.

வீட்டுக்கு மேற்கே நிற்கும் மரம் மிகப் பெறுமதியானது. பின்னேர வெயிலை அதுதான் மறிக்கும். கூரைக்கு மேலே சாய்ந்த பட்ட கொப்புகளை மட்டும் வெட்டினால் போதும். முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடாதீர்கள். தகரக் கூரையானால் மேலே கிடுகு பரப்பிக் கட்டலாம், ஆனால் அடுப்படிக்கு மேல் வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலும் சூடு குறையும், மழைக்குப் பின் திரும்பப் பூச வேண்டிவரும்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். முதலில் உங்கள் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.