இரண்டே சாயம், எத்தனையோ முட்டை

கடையில் வாங்கும் முட்டை வெள்ளை, நாட்டுக்கோழி முட்டை பழுப்பு. பெரும்பாலோருக்கு முட்டையின் நிறம் அதோடு முடிந்தது. ஆனால் தோட்டத்தில் கூட்டமாகக் கத்தித் திரியும் தவிட்டுக்குருவி இடுவது கண்ணைப் பறிக்கும் நீல முட்டை. வேலிப்புதரில் கூடு கட்டும் சாம்பல் கதிர்க்குருவியின் முட்டை பளபளக்கும் செங்கல் நிறம். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கு மண்நிறமும் கருந்திட்டுகளும். மரங்கொத்திக்குத் தூய வெள்ளை.

இத்தனைக்கும் அடிப்படைச் சாயங்கள் இரண்டே. செம்பழுப்பையும் புள்ளிகளையும் தருவது புரோட்டோபோர்ஃபிரின், நீலத்தையும் பச்சையையும் தருவது பிலிவர்டின். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் உருவாகும் வழியில் முன்னது கிடைக்கிறது. அந்த ஹீம் சிதையும்போது பின்னது. (அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சை பூப்பதும் பிலிவர்டினால்தான்.) ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதன் இயல்பு நிறம் வெள்ளை. ஓடு கட்டும் சுரப்பியில் கோழி முட்டை ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகிறது. ஓடு வளர்கையில் நீலம் அதனுள்ளேயே கலந்துவிடும், புள்ளிகள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் விழும். நீல முட்டையை உடைத்தால் ஓட்டின் உட்புறமும் நீலமாக இருப்பது இதனால்தான். இதே இரண்டு சாயங்களும் சில டைனோசர்களின் புதைபடிவ முட்டைகளில் இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, இந்த வண்ணப்பூச்சு பறவைகளுக்கும் மூத்தது.

சாயம் எப்படி வருகிறது என்பதைவிட, எதற்காக என்பதுதான் சிக்கல். பொந்தில் முட்டையிடும் கிளி, ஆந்தை, மீன்கொத்தி ஆகியவற்றின் முட்டைகள் வெள்ளை. திறந்தவெளியில் இடுபவற்றின் முட்டைகள் சுற்றுப்புறத்தோடு ஒன்றிப்போகின்றன. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1889இலேயே இதை எழுதிவிட்டார். பார்க்க யாருமில்லாத இருட்டில் சாயம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. என்றாலும் திறந்த கூட்டில் வெள்ளை முட்டையிடும் புறா இந்த விதிக்குள் அடங்காது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாப்பதால் அதன் முட்டை வெளியே தெரியும் நேரம் குறைவு என்று சமாதானம் சொல்வதுண்டு. தவிட்டுக்குருவியின் நீலம் எதில் ஒளியும்? அதற்கு வேறு விளக்கம் தேடவேண்டும்.

அந்த நீலத்தை அச்சு அசலாகப் பின்பற்றும் ஒரு பறவை நம்மிடையே உண்டு. அக்காக்குயில் தவிட்டுக்குருவி இனங்களின் கூட்டில் நீல முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். சுடலைக்குயிலும் இந்தியாவில் அதே வேலையைச் செய்கிறது, அதன் முட்டையும் இங்கே நீலம். இதே சுடலைக்குயில் தென்னாப்பிரிக்காவில் கொண்டைக்குருவி இனத்தின் கூட்டில் இடும்போது முட்டை வெள்ளை! கொண்டைக்குருவியின் முட்டையோ சிறியது, புள்ளி நிறைந்தது. எந்த ஒற்றுமையும் இல்லாமலே அந்த ஏமாற்று அங்கே செல்லுபடியாகிறது. அதனால் போலி முட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பறவைக்கு எதிராகத்தான் நிறப்போலி கூர்மையாகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கண்டுபிடித்தாலும் வெளியே தள்ள முடிகிறதா என்பதும் சேர்ந்தது. குயிலினங்களின் முட்டை ஓடு அளவுக்கு மீறித் தடிமனானது, அலகால் துளைப்பது எளிதல்ல.

ஏமாற்றப்படும் பக்கமும் சும்மா இருப்பதில்லை. நம் தூக்கணாங்குருவிக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவுப் பறவை உண்டு. அதில் ஒவ்வொரு பெட்டையின் முட்டையும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு புள்ளிக்கோலம். ஆனால் ஒரே பெட்டை இடும் முட்டைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். குயில் எதைப் போலி செய்வது? இந்தக் குருவியை மனிதர்கள் மொரீஷியசுக்கும் கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவுக்கும் கொண்டுபோனார்கள். அதை ஏமாற்றிவந்த ஆப்பிரிக்கக் குயில் அங்கே இல்லை. தலைமுறைகள் கடந்தபின் அம்முட்டைகளை ஆராய்ந்தார் டேவிட் லாட்டி. பெட்டைக்குப் பெட்டை இருந்த வேறுபாடு குறைந்திருந்தது, ஒரே கூட்டு முட்டைகளின் ஒற்றுமையும் குலைந்திருந்தது. 2005இல் வெளியான இந்த ஆய்வை முட்டை நிறம் பற்றிய சான்றுகளில் ஆக வலுவானதாக நான் கருதுகிறேன். எதிரி நீங்கியதும் அடையாளமும் தளர்ந்துவிட்டது.

பளிச்சென்ற நீலம், தாயின் உடல்நலத்தை ஆணுக்கு அறிவிக்கும் விளம்பரம் என்று 2003இல் ஒரு கருதுகோள் வந்தது. அரைகுறை வெளிச்சமுள்ள கூட்டில் ஆண் இவ்வளவு நுட்பமாகப் பார்க்குமா என்பது எனக்கு ஐயம்தான். தட்பவெப்பத்துக்குப் பங்கு இருப்பதை ஏற்பது எளிது: 634 இனங்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, குளிர்நாட்டு முட்டைகள் கூடுதலாகக் கறுத்திருப்பதைக் கண்டது. அடர்நிறம் வெயிலில் சீக்கிரம் சூடேறும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் அதுவே குஞ்சுக்கு எமனாகிவிடும்.

புள்ளிகளில் சில, யார் கண்ணுக்காகவும் விழுந்தவை அல்ல. ஆக்ஸ்ஃபர்டு அருகே வைதம் காட்டில் பட்டாணிக்குருவிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ காஸ்லர் குழு, ஓடு மெலிந்த இடங்களில்தான் புள்ளிகள் விழுவதையும், மண்ணில் கால்சியம் குறைந்த பகுதிகளில் புள்ளிகள் கூடுவதையும் 2005இல் எழுதியது. சுண்ணாம்பு போதாத இடத்தில் சாயத்தைக் கொண்டு சாந்து பூசுவது போன்ற ஏற்பாடு.

ஓடு எவ்வளவு தடிமனாக இருக்கவேண்டும் என்பது நுட்பமான கணக்கு. அடைகாக்கும் பறவையின் எடையைத் தாங்கவேண்டும். குஞ்சு உள்ளிருந்து உடைக்கவும் முடியவேண்டும். கோழி முட்டையில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே வருகிறது, நீராவி வெளியேறுகிறது. பொரிப்பதற்குள் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 15 சதவீதத்தை நீராவியாக இழக்கும். கருவும் தன் எலும்புக்கான கால்சியத்தை ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க ஓடு மெலிகிறது.

இந்தக் கணக்கை மனிதர்கள் ஒருமுறை கெடுத்தார்கள். பிரிட்டனில் பொரி வல்லூறுகள் தம் முட்டைகளைத் தாமே நசுக்கிவிடுவதைக் கவனித்த டெரக் ராட்கிளிஃப், சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் கிடந்த பழைய முட்டைகளை எடைபோட்டார். 1940களின் பிற்பகுதியில் ஓடு திடீரென மெலிந்திருந்தது, டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவலான காலம் அது. அந்த நஞ்சின் சிதைவுப்பொருள் ஓட்டுக்குக் கால்சியம் போய்ச் சேருவதைத் தடுக்கிறது என்பது பின்னர் தெளிவானது. ராட்கிளிஃபின் கட்டுரை 1967இல் வந்தது. 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது, வல்லூறுகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது.