காரும் அதன் தொல்லைகளும்

கார் வைத்திருப்பவரைக் கண்டு நடந்து செல்பவர் சற்றே பொறாமை கொள்வது இயல்பு. ஆனால், அவசரமாகப் புறப்படும் காலையில் இயந்திரம் இயங்க மறுக்கும்போதும், நடுவழியில் சக்கரத்தில் காற்று இறங்கிவிடும்போதும், நடந்து செல்பவரைக் கண்டு காருக்குடையவர் பொறாமை கொள்கிறார். இத்தொல்லைகளின் காரணத்தை அறிந்தவர் பெரும்பாலானவற்றை வருமுன் காக்கலாம். அறியாதவர் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

இவை காரோடு உடன்பிறந்தவை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் தம் மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரு புதல்வர்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோர்ட்சைமுக்கு அத்தகைய வண்டியில் புறப்பட்டார். வழியில் எரிபொருளை ஒரு மருந்துக்கடையில் வாங்க வேண்டியதாயிற்று. எரிபொருட்குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் செருகும் ஊசியால் அடைப்பை நீக்கினார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. அடிக்கடி நீர் ஊற்றினார்கள். மேடுகளில் வண்டியைத் தள்ளினார்கள். பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அதன்மேல் தோலை அடித்துப் பொருத்தச் செய்தார்.

இன்றைய காரில் இவையாவும் திருந்தியுள்ளன. எனினும் முற்றும் மறைந்துவிடவில்லை. இரவில் விளக்கை அணைக்க மறந்தால் பாட்டரியின் மின்சாரம் தீர்ந்துபோகும். காலையில் ஸ்டார்ட்டர் சுழலாது. ரேடியேட்டரில் நீர் குறைந்தால் இயந்திரம் கொதிக்கும். அவ்வேளையில் மூடியைத் திறத்தல் கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வெந்நீரும் நீராவியும் சீறி வெளிப்பட்டு, முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஆறும்வரை பொறுத்திருத்தலே அறிவுடைமை.

டயரிலே காற்றுக் குறைந்தால் என்ன என்று பலர் எண்ணுகின்றனர். காற்றுக் குறைந்த டயர், சுழலும் ஒவ்வொரு முறையும் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது. அதனால் சூடு ஏறுகிறது. பாரம் மிகுந்து, வெயிலும் கடுமையாக, வேகமாக ஓட்டும்போது அது வெடித்துவிடக் கூடும். ஆதலால் நெடும்பயணத்திற்கு முன்னர், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது நிறுத்தும் திறன். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஏறத்தாழ ஒரு நொடி கழிந்துவிடும். மிதித்த பின் மேலும் 10 மீட்டர் ஓடி நிற்பதாகக் கொள்வோம். ஆக 20 மீட்டர். வேகம் 72 கிலோமீட்டரானால், மிதிப்பதற்கு முன்னரே 20 மீட்டர் போய்விடும். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், மிதித்த பின் 40 மீட்டர் ஓடும். ஆக 60 மீட்டர். வேகம் இரு மடங்கு. நிறுத்தும் தொலைவோ மும்மடங்கு! மழையில் நனைந்த சாலையிலும் தேய்ந்த டயரிலும் இது மேலும் நீளும். 30 மீட்டர் முன்னே ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருமாயின், முதல் கார் நின்றுவிடும், இரண்டாவது நிற்காது.

பெட்ரோலின்றி மின்சாரத்தால் ஓடும் கார்கள் இன்று பெருகி வருகின்றன. அவற்றிற்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு. இந்தக் கணக்கும் உண்டு. மாணவர்களே, நாளை நீங்கள் கார் ஓட்டலாம். புறப்படுமுன் டயரையும் நீரையும் பிரேக்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை வீணென்று கருதாதீர்கள். முன்செல்லும் வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் இடையே போதிய இடைவெளி விட்டு, நிறுத்தக்கூடிய வேகத்திலேயே ஓட்டுங்கள்.