யாருக்கு ‘வா’, யாருக்கு ‘வாங்க’?

இந்த எபிசோட்ல பேசப்போறது ரொம்பச் சின்ன விஷயம். ஒருத்தரை எப்படிக் கூப்பிடறோம்ங்கிறதுதான்.

எங்க டீம்ல பாங்காக்ல இருந்து சிலர் இருக்காங்க. தாய் மொழியில் வயசுல பெரியவங்களை ‘பீ’ன்னும் சின்னவங்களை ‘நொங்’ன்னும் கூப்பிடுவாங்க. நம்ம அண்ணன், தம்பி மாதிரிதான். கடையில் சாப்பாடு பரிமாறுற முன்பின் தெரியாதவரைக்கூட அப்படித்தான் அழைப்பாங்க. அதனால, பழகின கொஞ்ச நேரத்துலயே வயசைக் கேட்டுடுவாங்க. அங்கேயும் பதவிக்கும் அந்தஸ்துக்கும் தனி வார்த்தைகள் உண்டு. ஆனா வினைச்சொல் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறாது.

தமிழ்ல அது மாறும். ‘நீ’, ‘நீங்க’ இரண்டையும் விட்டுட்டுப் பேசினாலும் ‘வா’, ‘வாங்க’ நம்மைக் காட்டிக் கொடுத்துடும். முடிவெடுக்க முடியாதப்போ நாம ஒரு தந்திரம் பண்றோம். “எந்த ஊரு?”, “சாப்பாடு ஆச்சா?”, “எங்க இருந்து வர்றது?” ஆளே இல்லாத வாக்கியங்கள்!

இன்னொன்று கவனிங்க. ‘அவர்’ என்பது முதலில் பன்மை. மரியாதைக்காக ஒருத்தரையே ‘அவர்’னு சொல்ல ஆரம்பிச்சதும், பலரைக் குறிக்க ‘அவர்கள்’ தேவைப்பட்டது. இன்னைக்கு மேடையில் ஒருத்தரையே ‘அமைச்சர் அவர்கள்’ என்கிறோம். பணவீக்கம் மாதிரி, மரியாதையும் வீங்கிக்கிட்டே போகுது.

சரி, இந்த மரியாதையை வயசுதான் தீர்மானிக்குதா? நானும் அப்படித்தான் நம்பினேன். ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூருக்கு வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்க்கப் போயிருந்தோம். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம். வழியில ஒரு டீக்கடை. வாசல்ல ஒரு பெரியவர், என் தாத்தா வயசு இருக்கும். தோள்ல துண்டு, கால்ல சேற்று மண். நான் காரை விட்டு இறங்காமலே, “ஏம்பா, டெலஸ்கோப் எந்தப் பக்கம்?” என்றேன். “நேராப் போங்க சார்” என்றார்.

மேலே போனதும், கழுத்துல அடையாள அட்டை மாட்டியிருந்த ஒரு பையன். என்னைவிட நிச்சயம் சின்னவன். அவனிடம், “சார், எங்க நிறுத்தலாம் சொல்லுங்க” என்றேன்.

அரை மணி நேரத்துல ரெண்டு பேர். வயசு முடிவு பண்ணியிருந்தா ரெண்டுமே தலைகீழா இருந்திருக்கணும். முடிவு பண்ணினது துண்டும் அட்டையும்தான்.

இது எனக்கு மட்டும் வந்த பழக்கம் இல்லை. பண்ணையார் வீட்டுச் சின்னப் பையன் கூலிக்கு வர்ற பெரியவரைப் பேர் சொல்லி ‘வாடா’ன்னு கூப்பிட, அவர் அந்தப் பையனை ‘சின்னய்யா’ன்னு அழைச்ச ஊர்கள் நம்முடையவை. 1929-ல் செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால இருக்கிற சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பேர்ல இருந்து சாதி போயிடுச்சு. வினைச்சொல்லோட வாலில் ஏற்றத்தாழ்வு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.

திரும்பி வரும்போது அதே கடையில் இறங்கினோம். அவர் அங்கேயே இருந்தார். “ஐயா, நீங்க சொன்ன வழியிலதான் போனோம், நன்றிங்க” என்றேன். எழுந்து நின்னு, “சரிங்க சார்” என்றார்.

நான் ‘நீங்க’வுக்கு மாறிட்டேன். அவரோட ‘சார்’ போகலை. அது ஒரு நாள்ல வந்த ‘சார்’ இல்லையே.

அதனால இப்போ ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். தெரியாதவங்க யாரா இருந்தாலும், முதல் வார்த்தை ‘வாங்க’தான். உங்க ஊர்ல யார் யாரை எப்படிக் கூப்பிடறாங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.