புற்றணுக்களின் சர்க்கரைப் பசி

நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் இயங்க ஆற்றல் தேவை. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் செரிமானமாகி, குளுகோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலான உயிரணுக்கள் உயிர்வளியின் துணையோடு அச்சர்க்கரையை முழுமையாகச் சிதைத்து ஆற்றலைப் பெறுகின்றன.

புற்றணுக்களோ வேறுவிதமாகச் செயல்படுவதை, 1920களில் ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். உயிர்வளி போதிய அளவு இருந்தும், அவை சர்க்கரையை அரைகுறையாகச் சிதைத்து லாக்டிக் அமிலமாக மாற்றின. இம்முறையில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதனால், அவை சர்க்கரையை மிகுதியாக உட்கொள்கின்றன. முழுமையாகச் சிதைக்கும் திறன் பழுதடைந்ததே இதற்குக் காரணம் என வார்பர்க் கருதினார்.

இந்தச் சர்க்கரைப் பசி மருத்துவர்களுக்குத் துப்புக் கொடுக்கிறது. சிறிதளவு கதிரியக்கம் கொண்ட, குளுகோஸைப் போன்ற ஒரு பொருளை நோயாளியின் இரத்தத்தில் செலுத்துவர். நுரையீரலில் உள்ள புற்றுக்கட்டி அதை ஈர்த்துக்கொள்வதால், 'பெட் ஸ்கேன்' படத்தில் அவ்விடம் பெரும்பாலும் பளிச்செனத் தெரியும்.

எனினும், பல்லாண்டுகளாக இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடக் கிண்ணங்களில் வளர்ந்த உயிரணுக்களைக் கொண்டே நடைபெற்றன. மனித உடலுக்குள் உண்மையில் என்ன நிகழ்கிறது? இதை அறிய, அமெரிக்காவின் டாலஸ் நகர ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாண்டனர். நுரையீரல் புற்றுக்கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையின்போது, 'கார்பன்-13' அடங்கிய குளுகோஸை நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்தினர். இது சாதாரண கார்பனைவிடச் சற்றே எடை மிகுந்தது, கதிரியக்கம் அற்றது. அகற்றிய கட்டியில் அக்கார்பன் எந்தெந்தப் பொருள்களில் சேர்ந்துள்ளது என்று ஆராய்ந்தால், சர்க்கரை சென்ற பாதை புலப்படும்.

2016இல் வெளியான முடிவு வியப்பளித்தது. அக்கட்டிகள் சர்க்கரையை முழுமையாகவும் சிதைத்தன. ஒரே கட்டியின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு விதமாகச் செயல்பட்டன. கழிவெனக் கருதப்பட்ட லாக்டிக் அமிலத்தையும் நுரையீரல் கட்டிகள் எரிபொருளாகப் பயன்படுத்துவதை 2017இல் வெளிவந்த அடுத்த ஆய்வு காட்டியது.

அப்படியென்றால், சர்க்கரை உண்பதை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் அழிந்துவிடுமா? அழியாது. நாம் சர்க்கரையைத் தவிர்த்தாலும், கல்லீரல் குளுகோஸை உருவாக்கி இரத்தத்திற்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புற்றணுக்களும் வேறு உணவுகளை நாடும். போதிய உணவின்றி மெலிந்து, சிகிச்சையைத் தாங்கும் வலிமையை இழப்பவர் நோயாளியே. ஆகவே, நோயாளியின் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது அவசியமாகும்.